வட்டத்தைத் தொடும் வரை

"சாப்ட்டயா?" என்று கேட்டால் அவனிடமிருந்து பதில் வர நேரமாகும். கேட்டவர்களில் பாதிப் பேர் அதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். மீதிப் பேர் "சாப்ட்டிருப்ப, சாப்ட்டிருப்ப" என்று பதிலையும் அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். அவனுக்குத் திக்குவாய். அதிலும் 'க', 'ச', 'ப' மூன்றும் அவனைப் படுத்தி எடுத்துவிடும். உதடு குவியும், கழுத்து நரம்பு புடைக்கும், பார்வை எங்கேயோ ஒரு மூலையில் போய் நிற்கும். சொல் மட்டும் வராது.

ஏற்காட்டில் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நர்ஸ் வேலை எனக்கு. சின்ன தர்ம ஆஸ்பத்திரிதான். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் அனுப்பிவைத்தவர்களை ஜீப்பில் தேடிப்போய், புண்ணைத் துடைத்துக் கட்டி, வலிக்கு மருந்து கொடுத்து, கொஞ்சம் பேசிவிட்டு வருவோம். எல்லா ஊருக்கும் தினமும் போக முடியாது. அதனால், அவரவர் போனிலேயே தினம் காலையில் 'இன்று எப்படி இருக்கிறது' என்று சொல்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று எங்கள் டாக்டர் விசாரித்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் அவன் வந்தான்.

ஏரிக்குப் போகும் ரோட்டில் அவனுடைய அப்பா லாட்ஜ் வைத்திருந்தார். அதன் மாடியில் ஓர் அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். முப்பதைத் தாண்டியிருப்பான். வாயால் பேசத் தேவையில்லாத வேலை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தானோ என்று நான் நினைத்ததுண்டு. எங்களுக்கு அவன் வேலை செய்து கொடுத்தது ஓய்வு நேரத்தில். செய்தால் மட்டும் போதாது என்று எங்களோடு ஜீப்பிலும் ஏறிக்கொண்டான்.

அவன் பேசுவதற்கு நேரமாகும் என்றேன். அதைவிட, எனக்குப் பிடிபடவே நேரமான இன்னொன்று அவனிடம் இருந்தது. அவன் யாரிடமாவது ஒன்று கேட்டால், பதில் வரும் வரை காத்திருப்பான். நாமெல்லாம் காத்திருக்கிற மாதிரி இல்லை. கேட்டுவிட்டுப் போனைப் பார்ப்பது, ஜன்னலைப் பார்ப்பது எதுவும் கிடையாது. எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி இருப்பான். அவருக்குப் பதிலாக வேறு யாராவது சொன்னால் அது அவன் காதில் விழவே விழாது.

ஒருமுறை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் மேசையிலேயே ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து உட்கார்ந்தார்கள். புருஷன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ரெண்டு டீ" என்றார். இவன் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எ... என்ன வேணுமுங்க?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் தெரியாத பொம்பளையிடம் கேட்கிற கேள்வியா? புருஷன் முறைத்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். இவன் பாட்டுக்குக் காத்திருந்தான். கடைசியில் அவள் மெதுவாக, "பாலு" என்றாள். புருஷனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "ஏம்புள்ள, நீ டீ குடிக்கமாட்டியா?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் திட்டினேன். "அடி வாங்கிக் குடுத்திருப்ப கண்ணு." அவன் சிரித்தான். சிரிப்பு மட்டும் அவனுக்குத் தடங்கலில்லாமல் வரும்.

எங்களுக்கு அவன் செய்துகொண்டிருந்த வேலைக்குப் பெயர் ரேடியோ பட்டனாம். பாட்டு கேட்கிற ரேடியோவா என்றேன். "அதேதானுங்க்கா" என்றான். பழைய ரேடியோப் பெட்டியில் கட்டை கட்டையாக வரிசையில் இருக்குமே, ஒன்றை அமுக்கினால் முன்பு அமுங்கியிருந்தது தானாக மேலே வந்துவிடுமே, அது. போனில் கேள்விக்குக் கீழே வருகிற சின்ன வட்டங்களும் அப்படித்தான். ஒன்றைத் தொட்டால் அதில் புள்ளி விழும். வேறொன்றில் இருந்த புள்ளி போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு ஒண்டிக்கடை முக்கிலிருந்து லாட்ஜ் வரை ஆனது.

முதலில் அவன் கொண்டுவந்தது சாதாரண வட்டங்கள்தான். 'வலி எப்படி இருக்கிறது?' என்று மேலே கேள்வி. 'இல்லை, கொஞ்சம், அதிகம், தாங்க முடியவில்லை' என்று கீழே. அதைக் கரடியூருக்கு எடுத்துப் போனோம். அங்கே கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருந்த ஒரு விவசாயி. தொண்டையில் ஆபரேஷன் செய்து குரலை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்தே இருப்பார், படுத்தால் மூச்சு முட்டும். அவர் கட்டை விரல் வெடித்துக் காய்த்துப்போய் மரப்பட்டை மாதிரி இருந்தது. கடுகு மாதிரி இருந்த வட்டத்தை அந்த விரல் கண்டுபிடிக்கவே முடியவில்லை. 'அதிகம்' என்று தொடப் போனால் புள்ளி 'இல்லை'யில் விழுந்தது.

அவர் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டு, "வலியெல்லாம் இல்லீங்க சாமி. நல்லாத்தேன் தூங்கறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இவன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் வேறு மாதிரி செய்து எடுத்து வந்தான். போனின் அகலம் முழுக்க ஒவ்வொரு பதிலும் ஒரு பட்டை. அதில் பெரிய வட்டம். வட்டத்தைத்தான் தொட வேண்டும் என்றில்லை, பட்டையில் எங்கே விரல் பட்டாலும் போதும். தொட்டால் நிறம் மாறும், போன் லேசாக அதிரும். வட்டத்துக்குள் சிரிக்கிற முகம், சுருங்கின முகம், அழுகிற முகம் என்று அவனே வரைந்திருந்தான். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கரடியூர்க்காரர் அழுகிற முகத்தைப் பார்த்துவிட்டு விரலை மடக்கிக்கொண்டார். அதைத் தொட அவருக்கு வெட்கம்.

இவன் காத்திருந்தான். அவருடைய விரல் மெதுவாக எழுந்தது. தன் தொண்டையைக் காட்டியது. அப்புறம் அறையின் மூலையில் எரிந்துகொண்டிருந்த அடுப்பைக் காட்டியது.

அப்படித்தான் எங்கள் வட்டங்களுக்குள் அடுப்பு வந்தது. அணைந்த அடுப்பு, கங்கு, எரிகிற அடுப்பு, வெளியே நாக்கை நீட்டி எரிகிற தீ. அவற்றுக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வெறும் வட்டத்தையும் சேர்த்தான். 'இதுல எதுவும் இல்ல' என்று அதற்குப் பேர். அதைத் தொட்டால் எனக்குப் போன் வரும், நான் பேச வேண்டும். "நாம எழுதறதுக்குள்ளயே எல்லாரும் இருப்பாங்கன்னு எ... எப்புடிங்க்கா சொல்றது?" என்றான்.

அந்தப் புதுப் பட்டன்களோடு கரடியூர் போன அன்று, அந்த மனிதர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. நாக்கு நீட்டி எரிகிற தீயின் மேல் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவுமில்லை. அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்குங்க இதக் கொண்டாந்தீங்க?" என்றார் எங்களைப் பார்த்து. "நல்லாருக்காருன்னு நெனச்சுட்டு நாங்க பாட்டுக்குச் சோறு தின்னுட்டு இருந்தமுங்க."

டாக்டர் மருந்தைக் கூட்டினார். சில நாளில் வட்டம் கங்குக்கு இறங்கியது.  ஆனால் அன்று ஜீப்பில் திரும்பி வரும்போது, பாதி வழியில், "நா கேட்டிருக்கக்கூடாதுங்களாக்கா?" என்றான்.

"கேக்கலீன்னா அந்த மனுசனுக்கு வலி போகுமா?" என்றேன்.

"அவருக்கில்லீங்க்கா. அந்தம்மாவுக்கு."

 என் பதிலுக்காக அவன் வழக்கம் போல ரொம்ப தூரம் காத்திருந்துவிட்டு, அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பஜாருக்குப் பின்னால் கண் தெரியாத ஓர் அம்மா இருந்தார். முதுகெலும்பில் நோய். அவருடைய போன் திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக் காட்டும். அதில் எங்கள் பக்கத்தைத் திறந்தால், 'வலி எப்படி இருக்கிறது' என்று கேட்டுவிட்டு அப்படியே மௌனமாகிவிட்டது. மறுபடி திறந்தாலும் அதேதான். "ஏங்கண்ணு, கேள்விய மட்டும் நல்லாக் கேக்குது. பதில் சொல்ல எடம் வெக்கலியே" என்று அந்த அம்மா சிரித்தார். இவன் முகம் செத்துப்போய்விட்டது.

தப்பு எங்கே என்று அப்புறம் எனக்குச் சொன்னான். அடுப்புப் படம் வைப்பதற்காக, உள்ளே இருந்த நிஜப் பட்டனை அவன் அடியோடு மறைத்துவிட்டிருந்தான். கண் தெரிகிறவர்களுக்குப் படம் தெரியும். கண் தெரியாதவர்களின் போனுக்கோ அங்கே ஒன்றுமே இல்லை. "படம் வேசமுங்க்கா. உள்ள நெசம் இருக்கோணும். கண்ணுக்குத் தெரியாம இருந்தாச் சரி. எ... எடத்த விட்டுப் போயிரக்கூடாது." நிஜப் பட்டனைக் கண்ணாடி மாதிரி ஆக்கி, படத்தின் மேலேயே உட்கார வைத்தான். அதை முடிக்கும் வரை பெங்களூர் வேலையைக்கூடத் தொடவில்லை. "ஒருத்தரக் கேள்வி கேட்டுப்போட்டு வாயப் பொத்துன மாதிரி ஆயிருச்சு" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

டாக்டரோடும் ஒருமுறை சண்டை போட்டான். நிறையப் பேர் தினமும் எதையும் தொடுவதில்லை, அதனால் 'கொஞ்சம்' என்பதில் முன்கூட்டியே புள்ளியை வைத்துவிடலாம், மாற்ற வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளட்டும் என்றார் டாக்டர். இவன் முடியாது என்றான். அந்த 'முடியாது' வெளியே வருவதற்குள் டாக்டர் வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். இவன் அதே இடத்தில் நின்றிருந்து, அவர் திரும்பி வந்ததும் சொல்லி முடித்தான். "தொடாதவங்க தொடாதவங்களாவே இருக்கட்டுமுங்க. அவங்களுக்கு நாம பதில் சொல்ல வேண்டாமுங்க."

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பது அவன் அப்பாவைப் பார்த்தால் தெரியும்.

அவர் வெள்ளைச் சட்டைக்காரர். சேலத்திலிருந்து இளவயதில் மேலே வந்து லாட்ஜ் கட்டியவர். லாட்ஜின் முன்னால் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் டூரிஸ்ட்டிடமும், டிரைவரிடமும், துணி துவைக்கிறவரிடமும் பேசுவார். அவ்வளவு வேகம். மகன் வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே மீதியை அவர் சொல்லிவிடுவார். அவன் 'க' என்றால் "கரண்டு இல்லியா? சரி, மெக்கானிக்குக்குச் சொல்றேன்" என்பார். அவன் சொல்ல வந்தது கறிவேப்பிலையாக இருக்கும். ஆனால் அதற்குள் மெக்கானிக் வந்து நின்றுவிடுவார், இவனும் விட்டுவிடுவான்.

பெண் பார்க்க சேலம் போனபோது, பெண் வீட்டார் கேட்ட எல்லாவற்றுக்கும் அப்பாவே பதில் சொல்லியிருக்கிறார். படிப்பு, வேலை, பிடித்த சாப்பாடு, எல்லாம். கடைசியில் அந்தப் பெண் உள்ளேயிருந்து, "அவருக்குப் பேசவே வராதுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அத்தோடு முடிந்தது. இதை அவனே என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு, "அந்தப் புள்ள கேட்டதுல தப்பில்லீங்க்கா. அது எங்கிட்டக் கேட்டிருந்தா நா சொல்லிருப்பேன்" என்றான்.

ஆனால் அந்த அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனது வராது. ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார். "ஏனுங் நர்ஸம்மா, இவனக் கூட்டிட்டு ஊரூராப் போறீங்களே, அங்க வந்து இவம் பேசறானுங்களா?"

"பேசறதில்லீங்க. கேக்கறான்" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாலு பேருக்கு முன்னால இவன் வாயத் தொறந்துட்டு நிக்கறதப் பாத்தா எனக்கு நெஞ்ச அறுக்குதுங்க. சின்னதுலருந்தே தாங்காது. அதுக்குத்தான் நானே முடிச்சு உட்டுருவேன். அவனுக்கு என் மேல கோவம். எனக்குத் தெரியும்." அவர் அன்று மெதுவாகப் பேசினார்.

ஒரு மழைக்காலக் காலையில், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோதே அவருக்கு வாய் கோணியது. சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆனால் வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் புரியும். இடது கையில் கட்டை விரல் நன்றாக அசையும். லாட்ஜின் கீழ் அறை ஒன்றில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தான். அம்மா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. பார்த்துக்கொள்ள அவனும், பகலில் ஒரு வேலைக்கார அம்மாவும், வாரத்தில் இரண்டு நாள் நானும்.

வருகிறவர்கள் எல்லாரும் அவருக்காகப் பேசினார்கள். "பெரியவருக்குக் குளிருது, போத்தி உடுங்க." "அவருக்குப் பசியில்லீங்க." "நொம்பப் பேசுன வாயி பாருங்க, இப்ப அடங்கிருச்சு." அவர் கண்ணில் தண்ணீர் வரும். கோபத்தில் வருகிற தண்ணீர்.

இவன் அவருக்கென்று தனியாக ஒரு பக்கம் செய்தான். பெரிய பெரிய வட்டங்கள். 'இட்லி', 'கஞ்சி', 'இதுல எதுவும் இல்ல'. முதல் நாள் அவர் அந்தப் போனைத் தூக்கி எறிந்தார். இவன் எடுத்துத் துடைத்து மறுபடி நீட்டினான். அவரும் பிடிவாதக்காரர்தான், ஆனால் இவன் காத்திருப்பதற்கு முன்னால் யார் பிடிவாதம் நிற்கும்? ஒருநாள் அவர் எந்தக் கேள்வி வந்தாலும் 'இதுல எதுவும் இல்ல'வையே தொட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலா, மருந்தா, டிவியா, தலையணையா என்று இவன் புதிது புதிதாக வட்டம் போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தான். நான் போனபோது அப்பாவும் மகனும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் 'ஷேவிங்' என்று ஒரு வட்டம் போட்டதும் அவர் விரல் அதன் மேல் பாய்ந்தது. முகத்தில் கோணலாக ஒரு சிரிப்பு. இவன் சோப்பைப் போட்டு மெதுவாகச் சிரைத்துவிட்டான். சிரைத்து முடிக்கும் வரை அந்தச் சிரிப்பை அவர் நிறுத்தவில்லை.

அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டது அந்த மாதங்களில்தான்.

குளிர்காலம் தொடங்கியதும் சேலத்திலிருந்து அவனுடைய அண்ணன் வந்தார். ஹார்டுவேர் கடைக்காரர், நல்ல மாதிரி. கூட அவருடைய மனைவியும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். மேலே குளிர் அதிகம், அவசரம் என்றால் மலை இறங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கீழே என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றார் அண்ணன். தம்பி இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டான், அவனிடமே இருக்கட்டும் என்றார் சித்தப்பா. பேச்சு கட்டிலுக்கு மேலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. அப்பா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

இவன், "அ... அவரே சொல்லட்டும்" என்றான்.

அங்கேயே உட்கார்ந்து பக்கம் தயார் செய்தான். 'எங்க இருக்கோணும்னு உங்களுக்கு ஆசை?' ஒரு வட்டத்தில் லாட்ஜின் படம். இன்னொன்றில் சேலத்து வீட்டின் படம். மூன்றாவது வெறும் வட்டம். எதை மேலே வைப்பது என்று அவனுக்கு ஒரு குழப்பம். மேலே இருப்பதைத்தான் விரல் முதலில் தொடும், லாட்ஜை அங்கே வைத்தால் தன் ஆசையைத் திணித்ததாகிவிடும் என்று சேலத்து வீட்டை மேலே வைத்தான். எதிலும் புள்ளி இல்லை.

அவனுக்கு எது வேண்டும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அண்ணனும் மனது வைத்துவிட்டிருந்தார். "நீயே பாத்துச் சொல்லுடா. அப்பா என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றார்.

இவன் போனை அப்பாவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டான். திரை எங்களுக்குத் தெரியவில்லை. அவருடைய கட்டை விரல் எழுந்து வெகுநேரம் காற்றிலேயே நின்றது. கண் மகனைப் பார்த்தது. பிறகு விரல் இறங்கியது. போன் அதிர்ந்த சத்தம் கேட்டது.

அவன் திரையைப் பார்த்தான். நிமிர்ந்தான். உதடு குவிந்தது. 'ச' என்று ஒரு காற்று மட்டும் வந்தது.

"சரிதான், இங்கயே இருக்கறேங்கறாரா?" என்றார் அண்ணன். "விடு, அதான் அவரு ஆசையின்னா இருக்கட்டும். நாங்க வந்து பாத்துக்கறோம்." அண்ணி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார். சித்தப்பா தலையாட்டினார்.

அவன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவன் பேச்சை யார் யாரோ முடித்துவைத்திருக்கிறார்கள். அதெல்லாம் அவன் சொல்ல நினைத்தது இல்லை. முதல்முறையாக ஒருவர் அவன் ஆசைப்பட்டதையே எடுத்துச் சொல்லிவிட்டார். சும்மா இருந்தால் போதும்.

அவன் கையை நீட்டி அவர்களை நிறுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கட்டியது. எல்லாரும் நின்றார்கள்.

"ச... ச... சேலம்" என்றான். "அப்பா சேலத்தத்தான் தொட்டாரு."

அன்று மதியம் மாடி அறையில் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். "காரணத்தையும் கேட்டுப்புடு சாமி. மனசு ஆறும்" என்றேன். அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். ஏற்கெனவே எழுதியிருந்தான். மேலே 'ஏன்?' என்று கேள்வி. கீழே வட்டங்கள். 'ஆஸ்பத்திரி பக்கம்.' 'குளிர் தாங்கல.' 'பேரப்பிள்ளைங்க.' கடைசியாக, 'உனக்குப் பாரமா இருக்க வேண்டாம்னு.'

"இதுல ஒண்ண அவரு தொட்டா, அது எங்கப்பா சொன்னதுங்களாக்கா, நா சொன்னதுங்களா?" என்றான். இதைச் சொல்ல அவனுக்கு அதிகம் திக்கவில்லை. "எனக்கு எது வேணுமோ அதத்தான நா எழுதி வெச்சிருக்கறேன்."

ஒவ்வொன்றாக அழித்தான். 'இதுல எதுவும் இல்ல' மட்டும் மிஞ்சியது. அதையும் அழித்தான். கடைசியில் 'ஏன்?' என்பதையும்.

அப்பாவைக் காரில் ஏற்றியபோது அவர் இடது கையால் இவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. அதற்கு அண்ணி, "குளிருக்குப் பயப்படறாரு" என்றார். இவன் போனை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படிக் காத்திருக்க வேண்டும் என்று அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்தான். அவரும் "சரி தம்பி, சரி தம்பி" என்று கேட்டுக்கொண்டார்.

வாரா வாரம் பஸ்ஸில் போய்வந்தான். முதல் தடவை போன் தலைமாட்டில் இருந்தது. அடுத்த தடவை அலமாரியில், சார்ஜ் இல்லாமல். "அவரு மூஞ்சியப் பாத்தாலே என்ன வேணும்னு எங்களுக்குத் தெரிஞ்சிருது தம்பி" என்றாராம் அண்ணி. குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டில் மூன்று குழந்தைகள், கடை ஆட்களுக்குச் சமையல், மாமனாரின் படுக்கை எல்லாம் அந்தம்மா ஒருத்தர் தலையில். இவன் போனைச் சார்ஜ் போட்டு மறுபடி தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தான். அடுத்த தடவையும் அது அலமாரியில்தான் இருந்தது. அப்பாவின் விரலும் அதற்குள் மடங்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவர் போய்விட்டார். சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார், அப்படியே போய்விட்டார் என்று அண்ணன் சொன்னார். இவன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு நானும் அவனும் சேலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். அடிவாரம் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, அப்பா அங்க க... க..."

சொல் சிக்கிக்கொண்டது. நான் காத்திருந்தேன். வண்டி ஒரு வளைவு திரும்பியது, இன்னொரு வளைவு திரும்பியது. டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். 'கஷ்டப்பட்டாரா', 'கேட்டாரா', 'காத்துட்டிருந்தாரா' என்று எனக்கு வரிசையாக வந்துகொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவன் உதடு அசைந்தபடியே இருந்தது. பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது வாயை மூடிக்கொண்டு, என் கையின் மேல் தன் கையை ஒருமுறை வைத்து எடுத்தான். இறங்கிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் இங்கே அதிக நாள் இல்லை. லாட்ஜை அண்ணன் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். இவன் பெங்களூர் போனான். அவ்வப்போது போன் செய்து கரடியூர்க்கார அம்மா எப்படி இருக்கிறார், பட்டன்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று கேட்பான். அந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த அம்மா மட்டும் இருக்கிறார். பேசுவோம். நடுவில் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் போகும், லைன் கட்டாகிவிட்டதோ என்று தோன்றும், அப்புறம் அவன் குரல் வரும்.

பஸ்ஸில் அன்று சொல்ல வந்தது என்ன என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் 'இதுவா கண்ணு, அதுவா' என்று நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவனுக்கும் திக்கின களைப்பில் 'ஆமாங்க்கா' என்று சொல்லத் தோன்றிவிடும்.